அத்தையை வைத்து ஒரு பாடம்

"மிஸ், பொம்பளை யாரையாவது பத்திச் சொல்லணும்னா மட்டும் என் இங்கிலீஷ் ஏன் உடைஞ்சு போகுது?"

இப்படிக் கேட்டுக்கொண்டேதான் சுகிர்தா படியேறி வந்தாள். இடுப்பில் பிள்ளை, தோளில் பை, வாயில் மூச்சு.

பெனினா மிஸ் ஒரு நெல்லிக்காயை உப்பில் தொட்டுக் கடித்தாள்.

"உக்காருங்கக்கா," என்றாள்.

பாளையங்கோட்டையில் ஒரு டயர்க் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. ஒரு பெரிய பாய், ஒரு ஜன்னல், ஒரு கரும்பலகை. கரும்பலகையில் மிஸ் எதுவும் எழுதி யாரும் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் அதன் மேல் துண்டு காயும்.

மிஸ்ஸுக்குச் சுகிர்தாவை விட வயது குறைவு. ஆனால் ஊரில் எல்லா இங்கிலீஷ் வகுப்புக்கும் போய், இலக்கணம் முழுக்கத் தலைகீழாகப் பாடமாகி, அப்படியும் வாய் திறக்காதவர்கள் கடைசியில் ஏறுகிற படி அதுதான்.

சுகிர்தா கான்வென்டில் படித்தவள். 'ஷீ கோஸ், ஷீ கம்ஸ்' என்று இம்போசிஷன் எழுதியே விரல் காய்த்தவள். அவளுக்குத் தெரியாத இலக்கணம் இல்லை.

"ஆம்பளைன்னா உடையலையா?" என்று கேட்டாள் மிஸ்.

"உடையல மிஸ்."

"உங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லுங்க, பாப்போம்."

சுகிர்தா தொண்டையைச் செருமினாள்.

"ஹீ வொர்க்ஸ் இன் தூத்துக்குடி ஹார்பர். ஹீ கம்ஸ் ஹோம் ஆன் சாட்டர்டேஸ். ஹீ ஈட்ஸ். ஹீ ஸ்லீப்ஸ். ஹீ வேக்ஸ் அப் அண்ட் ஈட்ஸ்."

பக்கத்தில் இருந்த ஜாஸ்மின் சிரித்தாள். லேப் டெக்னீஷியன். எதற்கும் சிரிப்பாள்.

"எல்லா வீட்டு ஹீயும் அதேதான்க்கா."

"அழகா வருதே," என்றாள் மிஸ். "இப்ப உங்க வீட்டுல ஒரு பொம்பளையைப் பத்தி."

"மை மதர் இன் லா..." என்று ஆரம்பித்தாள் சுகிர்தா. எச்சில் விழுங்கினாள். "தே..."

"எத்தனை பேரு?"

"ஒரே ஆளுதான் மிஸ்."

"தேன்னா நாலஞ்சு பேரு இல்லையா?"

"மாமியாரைப் போய் எப்படி மிஸ் ஷீன்னு சொல்லுறது? அவ இவன்னு பேசுற மாதிரி இருக்கு. நாக்கு கூசுது."

"மனசுக்குள்ளயும் கூசுமா?" என்று கேட்டாள் ஜாஸ்மின்.

சுகிர்தா யோசித்தாள். கான்வென்டில் பொய் சொல்லக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"மனசுக்குள்ள கூசாது," என்றாள்.

பாய் முழுக்கச் சிரிப்பு. இடுப்பிலிருந்த பிள்ளை ஹெப்சியும் என்னவோ புரிந்ததுபோல் கை தட்டியது.

"ராணியம்மாவா இருந்தாலும் இங்கிலீஷ்ல ஷீதான்க்கா," என்றாள் மிஸ். "தைரியமாச் சொல்லுங்க."

சுகிர்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஷீ மஸ்ட் வாஷ் ஹர் ஹேண்ட்ஸ். ஷீ ஷுட் நாட் கிவ் பிஸ்கட்ஸ் டு தி பேபி. ஷீ டிட் நாட் பாயில் தி வாட்டர். ஷீ மஸ்ட் நாட்... ஷீ கேனாட்..."

அங்கே நின்றது. தொண்டை அடைத்துக்கொண்டது. இதே இடத்தில்தான் இதற்கு முன்பும் இங்கிலீஷ் தேர்வு அறையில் நின்றது.

மிஸ் நெல்லிக்காய்க் கொட்டையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"இது அவங்க செய்ய வேண்டியது. அது செய்யக் கூடாதது. அதுக்கு அடுத்தது செய்யாம விட்டது," என்றாள். "அவங்க என்னதான் செய்யுறாங்க?"

சுகிர்தா விரல் விட்டு எண்ணப் பார்த்தாள். ஒரு விரலும் மடங்கவில்லை.

"தெரியலையே மிஸ்."

"நாளைக்கு முழுக்க அவங்க பின்னாலயே நடங்க. கண்ணுல பட்டதை மட்டும் இங்கிலீஷ்ல சொல்லுங்க. வேற எதுவும் சொல்லாதீங்க."

"அவ்வளவுதானா மிஸ்?"

மிஸ் அடுத்த நெல்லிக்காயை எடுத்துவிட்டாள். அப்படியென்றால் அவ்வளவுதான்.

*

விஷயம் இதுதான்.

சுகிர்தா நர்ஸ். பச்சைப் பிள்ளைகள் வார்டில் வேலை பார்த்தவள். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி அவளுக்காக இடம் வைத்துக் காத்திருந்தது. இங்கிலீஷ் பேச்சுத் தேர்வில் தேறினால் போதும்.

தேறினால் முதலில் அவள் மட்டும் போக வேண்டும். பேப்பர் எல்லாம் சரியான பிறகுதான் கணவன் ஜெயசிங்கையும் பிள்ளையையும் கூப்பிட முடியும். அதுவரை ஹெப்சி அத்தையிடம்.

அத்தை அன்னபாக்கியம். அந்த மாமியார்தான்.

தேறாவிட்டால் கவலை. தேறிவிட்டால் அதைவிடக் கவலை.

ஒரு திராட்சைப் பழத்தைப் பார்த்தால் மற்றவர்களுக்குப் பழம் தெரியும். சுகிர்தாவுக்குப் பிள்ளையின் மூச்சுக்குழாய் தெரியும். வாளியில் தண்ணீர் இருந்தால் அவளுக்கு அது வாளி இல்லை. அத்தையோ, பேச ஆரம்பித்தால் அடுப்பில் பால் இருப்பதே மறந்து போகிற ஆள். தெருவில் போகிற யாரையும் நிறுத்தி, அவர்கள் வீட்டுக் குழம்பு வரைக்கும் விசாரிப்பார்.

இவர் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு விமானம் ஏற வேண்டுமாம்.

இரண்டு தடவை தேர்வுக்குப் போனாள். இரண்டு தடவையும் வீட்டிலுள்ள ஒரு பெண்ணைப் பற்றித்தான் பேசச் சொன்னார்கள். இரண்டு தடவையும் அரை மார்க்கில் போயிற்று.

*

மறுநாள் காலையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தையின் பின்னால் நடந்தாள்.

அத்தை முற்றம் பெருக்கினார்.

"ஷீ ஸ்வீப்ஸ்," என்றாள் சுகிர்தா, மெதுவாக.

அத்தை காக்காயை விரட்டினார்.

"ஷீ ஸ்கோல்ட்ஸ் தி க்ரோ."

அத்தை திரும்பினார்.

"என்னட்டி பின்னாலயே வந்து முணுமுணுக்க? ஜெபமா, சாபமா?"

"பாடம் அத்தை. இங்கிலீஷ் பாடம்."

"எம் முதுகுலயா எழுதியிருக்கு?"

"நீங்க செய்யுறதை அப்பிடியே இங்கிலீஷ்ல சொல்லணுமாம். மிஸ் சொன்னாங்க."

அத்தையின் கையிலிருந்த துடைப்பம் நின்றது.

"என்னையவா? பாடத்துல நானா வாரேன்?"

"ஆமா அத்தை."

"அதுல என்னைய அவ இவன்னா சொல்லுத?"

"இல்லத்தை. இங்கிலீஷ்ல ராணிக்கும் உங்களுக்கும் ஒரே சொல்லுதான்."

"அப்பச் சரி," என்றார் அத்தை. இடுப்பில் செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டுக்கொண்டார். துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்தார். உள்ளே போய்ப் பவுடர் போட்டுக்கொண்டு வந்தார். "ம். இப்பச் சொல்லு."

அன்று அந்த வீட்டில் நடந்த வேலை அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடக்கப் போவதில்லை. மிக்ஸி இருக்கும்போது அம்மியில் தேங்காய் அரைபட்டது. பரணில் கிடந்த பித்தளைப் பாத்திரமெல்லாம் கீழே இறங்கிப் புளி போட்டுத் துலங்கியது. அத்தை பைபிளை எடுத்து மடியில் விரித்துக்கொண்டு, ஒரு கண்ணால் மருமகளைப் பார்த்தார்.

"ஷீ ரீட்ஸ் தி பைபிள்," என்றாள் சுகிர்தா.

"என்ன சொன்ன?"

"பைபிள் வாசிக்கிறீங்கன்னு."

"கண்ணாடி இல்லாமன்னு சேத்துச் சொல்லு."

பக்கத்து வீட்டு ரஞ்சிதம் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"என்னக்கா, விசேஷமா? பவுடர் மணக்குது."

"எம் மருமவ என்னைய வச்சுப் பாடம் படிக்கா."

"நல்ல பாடமா, கெட்ட பாடமா?"

"இங்கிலீஷ் பாடம்."

"அப்பத் தெரியாது," என்றாள் ரஞ்சிதம். தலையை எடுத்துக்கொண்டாள்.

அத்தைக்கு அந்தப் பதில் கொஞ்சம் உறுத்தியது. மத்தியானம் வரை மருமகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

"வந்துருச்சு மிஸ்!" என்று அன்று சாயங்காலம் படியிலிருந்தே கத்தினாள் சுகிர்தா.

பாயில் உட்கார்ந்து ஒரே மூச்சில் ஒப்பித்தாள். ஷீ ஸ்வீப்ஸ், ஷீ க்ரைண்ட்ஸ், ஷீ பாலிஷஸ், ஷீ ரீட்ஸ். ஒரு இடத்திலும் தட்டவில்லை. எல்லாவற்றின் வாலிலும் அந்த 'ஸ்' பிசகாமல் வந்து நின்றது. ஜாஸ்மின் கை தட்டினாள்.

மிஸ் தட்டவில்லை.

"இந்த வீட்டுல பிள்ளை கிடையாதா?" என்று கேட்டாள்.

"இருக்கே மிஸ். இதோ."

"நீங்க சொன்னதுல இல்லையே. அவங்க பெருக்குறாங்க, அரைக்கிறாங்க, விளக்குறாங்க. பிள்ளையை ஒரு தடவையாவது தொட்டாங்களா?"

சுகிர்தாவுக்குச் சுருக்கென்றது.

"பிள்ளை என் இடுப்புல இருந்துச்சு மிஸ்."

"நேத்து?"

"நேத்தும்தான்."

"முந்தாநாள்?"

சுகிர்தா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். ஹெப்சி அவள் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தது.

"பெறவு அவங்களுக்குப் பிள்ளை பாக்கத் தெரியாதுன்னு எப்பிடிக்கா தெரியும்?" என்று ஜாஸ்மின் கேட்டாள். இந்தத் தடவை சிரிக்காமல் கேட்டாள்.

"எனக்குப் பயமா இருக்குட்டி," என்றாள் சுகிர்தா. "கையில குடுத்தா உடனே ஏதாவது சொல்லிருதேன். தலையைப் பிடிங்க, ஈரக் கையோட தொடாதீங்க, அதை வாயில வைக்காதீங்கன்னு. அத்தைக்குக் கோவம் வந்துருது. 'இந்தா, உன் பிள்ளையை நீயே வச்சுக்கோ'ன்னு திருப்பிக் குடுத்துருவாங்க."

மிஸ் எழுந்து போய்த் தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்தாள். மூடியைத் திறந்து நீட்டினாள்.

"குடிங்க."

சுகிர்தா ஒரு வாய் குடித்தாள்.

"முழுங்காதீங்க."

சுகிர்தா இரண்டு கன்னமும் உப்ப உட்கார்ந்திருந்தாள். மிஸ் அவள் இடுப்பிலிருந்து பிள்ளையைத் தூக்கினாள். பிள்ளையின் தலை கொஞ்சம் சாய்ந்தது. சுகிர்தாவின் கண் பெரிதானது. கை உயர்ந்தது. "ம்ம்! ம்ம்!" என்றாள். வேறு ஒன்றும் சொல்ல முடியவில்லை.

பிள்ளை தானாகத் தலையை நிமிர்த்திக்கொண்டு மிஸ்ஸின் காதைப் பிடித்தது.

"இதான் அடுத்த பாடம்," என்றாள் மிஸ். "வீட்டுல போய்ச் செய்யுங்க."

*

மறுநாள் காலையில் அத்தை அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

சுகிர்தா சொம்பிலிருந்து ஒரு வாய் தண்ணீர் எடுத்துக்கொண்டாள். மனசுக்குள் ஒரு ஜெபம் சொன்னாள். நேராகப் போய்ப் பிள்ளையை அத்தையின் மடியில் வைத்தாள்.

அத்தை நிமிர்ந்து பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார்.

"எங்கயும் போறியாட்டி?"

சுகிர்தா தலையை ஆட்டினாள். இல்லை.

"பொறவு என்னத்துக்குத் தார?"

சுகிர்தா கன்னத்தைக் காட்டினாள்.

"பல்லு வலியா? கிராம்பு வை." கொஞ்ச நேரம் எதிர்பார்த்தார் அத்தை. ஒரு 'தலையைப் பிடிங்க' வரவில்லை. ஒரு 'கையைக் கழுவுங்க' வரவில்லை. "நெசமாவே என்ட்டயா தார?"

சுகிர்தா வாசல் நிலையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

யாரும் சொல்லாமலே அத்தை எழுந்து போய்க் கையைக் கழுவினார். சோப்புப் போட்டுக் கழுவினார். முந்தானையில் துடைக்கப் போனவர், நின்று, கொடியில் கிடந்த துவைத்த துண்டை எடுத்துத் துடைத்தார்.

ஷீ வாஷஸ் ஹர் ஹேண்ட்ஸ் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள் சுகிர்தா.

அதற்குப் பிறகு நடந்தது அவளுக்கு லேசாக இல்லை. அத்தை பிள்ளையை ஒரு கையில் தூக்கினார். தண்ணீர் வாய்க்குள் கடகடவென்று ஆடியது. அத்தை பிள்ளைக்குக் கீரைத் தண்டை விளையாடக் கொடுத்தார். சுகிர்தா பாதி எழுந்துவிட்டாள். பிள்ளை அதை வாய்க்குக் கொண்டு போவதற்குள், அத்தை பேசிக்கொண்டே அதை வாங்கிக் கொண்டு கரண்டியைக் கையில் கொடுத்தார். சுகிர்தா உட்கார்ந்தாள்.

அத்தையின் பேச்சோ ஓயவில்லை.

"உங்கம்மைக்குப் பல்லு வலியாம்ட்டி. அதான் வீடு இப்பிடிக் கெடக்கு, சர்ச்சு மாதிரி. ஏ மூதி, மூக்கைப் பிடிக்காத. உங்க தாத்தா மூக்கையே யாரும் பிடிச்சதில்ல. அவ்வளவு கோவக்காரரு. எங்க, ஆ காட்டு. ஆ காட்டுனாத்தான் மீதிக் கதை."

பிள்ளை ஆ காட்டியது. குழைந்த சோறு ஒரு வாய் உள்ளே போனது. சுகிர்தா ஊட்டும்போது இறுக மூடிக்கொள்கிற அதே வாய்.

கதையில் தாத்தாவின் கோபம் ஏறியது, இறங்கியது. கிண்ணம் காலியானது.

வெயில் உச்சிக்கு வந்தது. பிள்ளை அத்தையின் மடியிலேயே தூங்கிவிட்டது.

அப்போதுதான் சுகிர்தா அந்த வீட்டில் முதல் தடவையாக அத்தையின் குரல் இல்லாத சத்தத்தைக் கேட்டாள். மின்விசிறியின் கிரீச் கேட்டது. தெருவில் பழைய பேப்பர்க்காரன் போவது கேட்டது. ரஞ்சிதம் சுவருக்கு மேலே தலையை நீட்டி "யக்கா!" என்றாள். அத்தை உதட்டில் விரலை வைத்துக் கண்ணாலேயே அதட்டினார். ரஞ்சிதத்தின் தலை போய்விட்டது.

சுகிர்தா அடுப்படியைத் தாண்டிப் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றாள். அங்கே நின்றால் அத்தையைத் தெரியும். அத்தைக்கு அவளைத் தெரியாது. வாயில் தண்ணீர் இன்னும் இருந்தது. இடையில் பலமுறை மாற்றிய தண்ணீர்.

அத்தைக்குக் கால் மரத்துவிட்டது போலும். முகத்தைச் சுளித்தார். ஆனால் காலை அசைக்கவில்லை.

பிறகு ஒரு விரலை நீட்டிப் பிள்ளையின் மூக்குக்குக் கீழே வைத்தார்.

வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். விரலை எடுத்தார். நிம்மதியாகச் சுவரில் சாய்ந்தார்.

கொஞ்ச நேரம் ஆகியிருக்காது. மறுபடியும் விரலை வைத்தார்.

சுகிர்தாவும் தினமும் அதைத்தான் செய்கிறாள். நர்ஸ் படித்தவள் செய்கிற காரியமா என்று யாராவது சிரிப்பார்களே என்று, கணவனுக்குக்கூடத் தெரியாமல் செய்கிறாள்.

மடக்கென்று தண்ணீர் முழுவதையும் விழுங்கிவிட்டாள்.

அந்தச் சத்தத்தில் அத்தை திரும்பினார். விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"கொசு," என்றார்.

"ஆமா அத்தை," என்றாள் சுகிர்தா. "பகல்லயே வருது."

பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருவரும் பிள்ளையைப் பார்த்தார்கள்.

"அத்தை, உங்களுக்குப் பயமா?"

"எனக்கா? பெத்ததே நாலு. எனக்கு என்னட்டி பயம்?"

மின்விசிறி சுற்றியது.

"அதுக எம் பிள்ளைக," என்றார் அத்தை. குரல் இறங்கியிருந்தது. "விழுந்தாலும் எந்திச்சாலும் என்ட்ட யாரு கேக்கதுக்கு? இது உம் பிள்ளைல்லா. நீ கடல் தாண்டிப் போயிருவ. ஒரு சளி பிடிச்சாலும் உங்கிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்? அதை நெனச்சாத் தூக்கமே வரமாட்டேங்கு."

சுகிர்தா அத்தையின் மரத்துப்போன காலை மெதுவாகத் தேய்த்துவிட்டாள்.

"அங்ஙன இல்லட்டி," என்றார் அத்தை. "கீழ. இன்னும் கீழ. நர்ஸு படிச்சாளாம்."

*

அடுத்த நாள் மிஸ் கேட்டாள்: "என்ன பாத்தீங்க?"

சுகிர்தா ஒரு விரலைத் தன் மூக்குக்குக் கீழே நீட்டி வைத்துக் காட்டினாள்.

ஜாஸ்மினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மிஸ்ஸுக்கு விளங்கிவிட்டது. தட்டிலிருந்த நெல்லிக்காயில் பெரியதாக ஒன்றைப் பொறுக்கிச் சுகிர்தாவிடம் கொடுத்தாள். அதுவரை அந்த அறையில் யாருக்கும் கிடைக்காத நெல்லிக்காய்.

"தேர்வு என்னைக்கு?"

"வியாழக்கிழமை மிஸ். மதுரையில. இந்தத் தடவை ஹார்பர்ல கப்பல் நிக்குதாம். என்கூட வர வீட்டுக்காரரால முடியாது. பிள்ளையை அத்தைட்ட விட்டுட்டு நான் மட்டும்தான் போறேன்."

"நல்லது."

"ஒரே ஒரு சந்தேகம் மிஸ். கண்ணுல பட்டதை மட்டும் சொல்லுன்னீங்க. மதுரையில அத்தை என் கண்ணுல பட மாட்டாங்களே. அங்க எதைச் சொல்ல?"

மிஸ் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். அறை இருட்டியது.

"கீழ டயர்க் கடையில எங்கப்பா இப்ப என்ன செய்யுறாங்க?"

"டீ குடிக்கிறாங்க," என்றாள் சுகிர்தா.

"பேப்பரைப் பாத்துத் திட்டுறாங்க," என்றாள் ஜாஸ்மின்.

"ஜன்னல்தான் சாத்தியிருக்கே?"

"அதுக்காக? உங்கப்பா திட்டாம இருந்துருவாங்களா?" என்றாள் ஜாஸ்மின்.

கீழேயிருந்து ஒரு கனத்த குரல் யாரோ ஒரு மந்திரியை ஏசுவது லேசாகக் கேட்டது.

மிஸ் ஜன்னலைத் திறக்கவில்லை. அப்படியே இருட்டில் உட்கார்ந்து நெல்லிக்காயைக் கடித்தாள்.

*

மதுரையில் தேர்வு அறை சின்னதாக இருந்தது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் நரைத்த முடியும் கைத்தறிச் சேலையுமாக ஒரு அம்மாள். முகத்தில் எந்தக் குறிப்பும் இல்லை. ஒலிப்பதிவுக் கருவியைத் தட்டிவிட்டு, அயர்லாந்து வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு, ஒரு அட்டையை நகர்த்தினார்.

உங்கள் குடும்பத்தில் உள்ள ஒரு பெண்ணைப் பற்றிப் பேசவும்.

சுகிர்தாவுக்கு முந்தின தடவைகள் ஞாபகம் வந்தன. தலையை நிமிர்த்தினாள். சுவரில் ஒரு கடிகாரம். பதினோரு மணி.

பதினோரு மணி என்றால் பிள்ளைக்குக் குளியல்.

"ஷீ வார்ம்ஸ் தி வாட்டர்," என்று ஆரம்பித்தாள். "ஷீ டிப்ஸ் ஹர் எல்போ அண்ட் வெயிட்ஸ்."

அப்புறம் நிற்கவில்லை. அத்தை வெந்நீரில் முழங்கையை வைத்துப் பார்க்கிறார். பிள்ளையைக் காலில் கிடத்தி ஊற்றுகிறார். அழுதால் அதைவிடச் சத்தமாகத் தானும் அழுகிறார். பிள்ளை ஆச்சரியப்பட்டு நிறுத்திவிடுகிறது. அத்தை தலை துவட்டுகிறார். தாத்தாவைப் பற்றிப் பொய் பொய்யாகக் கதை சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரியைக் கண்ணாலேயே விரட்டுகிறார். பேசுகிறார், பேசுகிறார், பிள்ளை தூங்கினால் மட்டும் வாயை மூடுகிறார்.

எல்லாம் இங்கிலீஷில். அங்கே, பாளையங்கோட்டையில், இந்த நிமிஷம் அது நடந்துகொண்டிருப்பதைச் சுகிர்தா பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அந்த அம்மாள் கையை உயர்த்தினார். நேரம் முடிந்துவிட்டதாம். சுகிர்தா ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தாள். அதை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

அந்த அம்மாளின் உதட்டு ஓரம் கொஞ்சம் அசைந்தது.

கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. அதையும் இங்கிலீஷில்தான் கேட்டார். ஆனால் தேர்வுக்காகக் கேட்டதுபோல் இல்லை. இவ்வளவு சின்னப் பிள்ளையை மாமியார் கையில் விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போகிறீர்களே, உங்களுக்குப் பயமாக இல்லையா?

நியாயமாக இந்நேரம் தொண்டை அடைத்திருக்க வேண்டும். சுகிர்தா ஒரு நிமிஷம் அதற்காகக் காத்திருந்தாள். அடைக்கவில்லை.

"ஷீ இஸ் அஃப்ரெய்ட், மேடம்," என்றாள். "ஸோ ஐ கேன் கோ."